கரடுமுரடான வைக்கிங் கேம்பெயினுக்குச் சரக்கு சேர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளுக்கு சாகா என்று பெயர். அவற்றில் ஒன்றான ந்யால் சாகாவில் ஒரு விருந்து நடக்கிறது. யார் எந்த இடத்தில் உட்காருவது என்று இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் தகராறு. ஒருத்தி ந்யாலின் மனைவி பெர்க்தோரா, இன்னொருத்தி குன்னாரின் மனைவி ஹால்கெர்த். கணவர்கள் இருவரும் உயிர் நண்பர்கள். அந்தக் கோடையில் ஆண்கள் சபைக்குப் போயிருக்கும்போது, ஹால்கெர்த்தின் ஆள் கோல், விறகு வெட்டிக்கொண்டிருந்த பெர்க்தோராவின் வேலைக்காரன் ஸ்வார்ட்டைக் கொன்றுவிடுகிறான். குன்னார் 12 அவுன்ஸ் வெள்ளியை ந்யாலிடம் கொடுத்துச் சமாதானம் செய்கிறார். பெர்க்தோரா சும்மா இருப்பாளா? ஆள் விட்டுக் கோலைத் தீர்த்துக்கட்டுகிறாள். இப்போது ந்யால் அதே வெள்ளியைக் கொண்டுவந்து குன்னாரிடம் நீட்டுகிறார். தான் கொடுத்த பணம்தான் இது என்று குன்னாருக்குப் பார்த்ததும் தெரிகிறது. வாங்கிக்கொள்கிறார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டில் (ஆர்பிஜி) வைக்கிங் கேம்பெயின், அதாவது பல செஷன்களாக (அமர்வுகளாக) நீளும் தொடர்கதை, நடத்த விரும்பும் ஒவ்வொரு ஜிஎம்முக்கும் (ஆட்டத்தை நடத்துபவருக்கு) நான் முதலில் சொல்லும் கதை இதுதான். கரடுமுரடு என்றால் ரத்தம் தெறிப்பது என்று நினைத்துக்கொண்டு பலர் கோடாரிப் படங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறார்கள். ஓர் உயிருக்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது, கொடுக்காவிட்டால் என்ன ஆகும், பனிக்காலம் வருவதற்குள் வைக்கோல் போதுமா என்கிற கணக்குதான் அந்த உலகத்தைக் கடுமையாக்குகிறது. ஆகவே எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எனக்கு ஒரு விலையைச் சொல்கிறதா? சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது அழகான படம், அவ்வளவுதான்.

என் முதல் வைக்கிங் கேம்பெயின் நாலாவது செஷனில் படுத்துவிட்டது. காரணம் எளிது. மூன்று விதிப்புத்தகங்கள் வாங்கியிருந்தேன், ஒரு சாகாகூடப் படித்திருக்கவில்லை. என் வைக்கிங்குகள் மீசை வைத்த டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல மாயாஜால ஆர்பிஜி) ஆட்களாகவே இருந்தார்கள். அதனால் கீழே உள்ள வரிசையில் விதிப்புத்தகம் ஐந்தாவதாகத்தான் வரும்.

முதல் படி: ஓர் இடம், ஒரு பத்தாண்டு

‘வைக்கிங் காலம்’ என்று தேடினால் கடலளவு கொட்டும். பொதுவாக 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியதிலிருந்து 1066 வரை என்று கணக்குச் சொல்வார்கள். கிரீன்லாந்திலிருந்து வோல்கா நதி வரை பரவிய இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். இதை மொத்தமாக எடுத்துக்கொண்டால் எதுவுமே ஒட்டாது.

நான்கு இடங்களைச் சொல்கிறேன், ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். படை, முற்றுகை, குளிர்கால முகாம் வேண்டுமென்றால் 865இல் இங்கிலாந்தில் இறங்கிய பெரும்படை. அது ஒவ்வொரு குளிருக்கும் ஓர் ஊரைப் பிடித்துத் தங்கியது. 873இல் தங்கிய ரெப்டன் முகாமைத் தோண்டியே எடுத்திருக்கிறார்கள். வணிகமும் அடிமைச் சந்தையும் அயல்மொழியும் வேண்டுமென்றால் 920களின் வோல்கா. பாக்தாதிலிருந்து தூது போன இப்ன் ஃபத்லான் 922இல் அங்கே ரூஸ் என்ற வடநாட்டு வணிகர்களைப் பார்த்து, அவர்கள் எப்படிக் கழுவுகிறார்கள், தலைவனை எப்படிக் கப்பலோடு எரிக்கிறார்கள் என்று முகம் சுளித்தபடி எழுதி வைத்தார். உயிர்பிழைத்தலே கதை என்றால் கிரீன்லாந்து. செந்தலை எரிக்கோடு குடியேறப் புறப்பட்ட 25 கப்பல்களில் 14தான் போய்ச் சேர்ந்தன என்கின்றன பழைய பதிவுகள். ஒரு செஷனின் முதல் வரிக்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது.

நான்காவது, என் சொந்தத் தேர்வு: 930 முதல் 1030 வரையிலான ஐஸ்லாந்து. அரசன் கிடையாது. 930இல் ஆல்திங் என்ற நாட்டுச்சபை தொடங்குகிறது, சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் போலீஸ் இல்லை, சிறை இல்லை. வழக்கில் ஜெயித்தவன்தான் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். எதிராளியிடம் அறுபது ஆட்கள் இருந்தால் உங்கள் தீர்ப்பை ஆட்டுத்தோலில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கேம்பெயின் தானாக ஓடுவதற்கு இந்த ஒரு ஓட்டை போதும். இனி நான் தரும் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான்.

இரண்டாம் படி: சாகாக்களைச் சரியான வரிசையில் படிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற படிகளை அவசரமாகத் தாண்டினாலும் பரவாயில்லை, இதைத் தாண்டாதீர்கள்.

ஐஸ்லாந்தியக் குடும்ப சாகாக்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. கதை நடப்பது அதற்கு இருநூறு, முந்நூறு ஆண்டுகள் முன்பு. அதாவது எழுதியவர்கள் கிறித்தவர்கள், எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் அல்ல. வரலாற்று ஆதாரமாக எடுக்கும்போது இது சிக்கல்தான். நமக்கு அது பிரச்சினையே இல்லை.

ஐஸ்லாந்திக் சாகா டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் மூலமும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இலவசம். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கிலும் பல இருக்கின்றன. ஒரு குறை: இவற்றில் நிறைய 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகள். ந்யால் சாகாவை டாசென்ட் மொழிபெயர்த்தது 1861இல். ஆங்கிலமே பைபிள் நடையில் இருக்கும், பத்துப் பக்கத்தில் தூக்கம் வரும். காசு கொடுக்க முடியுமென்றால் பென்குயின் வெளியிட்ட நவீன மொழிபெயர்ப்புகளை வாங்குங்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பல சாகாக்களைச் சேர்த்துத் தொகுத்த ‘தி சாகாஸ் ஆஃப் ஐஸ்லாண்டர்ஸ்’ தடிமனான தொகுதி. வைக்கிங் சொசைட்டி ஃபார் நார்தர்ன் ரிசர்ச் என்ற பிரிட்டிஷ் அமைப்பு தன் வெளியீடுகள் பலவற்றை பிடிஎஃப்பாக இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது. ஸ்நோர்ரி ஸ்டுர்லுசனின் நார்வே மன்னர் வரலாறான ஹெய்ம்ஸ்க்ரிங்லாவின் புதிய மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளும் அங்கே கிடைக்கும். இவ்வளவு நல்ல சரக்கு இலவசமாகக் கிடைப்பது இந்தப் பொழுதுபோக்கில் அபூர்வம்.

எடுத்த எடுப்பில் ந்யால் சாகாவைத் திறக்காதீர்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள், மூன்று தலைமுறை வம்சாவளி. நான் சொல்லும் வரிசை இது.

முதலில் ஹ்ராஃப்ன்கெல் சாகா. ஒரே மாலையில் முடிந்துவிடும். தன் குதிரையில் யாரும் ஏறக்கூடாது என்று சத்தியம் செய்திருந்த ஒரு தலைவன், வேறு வழியில்லாமல் ஏறிய ஆட்டிடையனைக் கொல்கிறான். இடையனின் ஏழை உறவினர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தும் விடுகிறார்கள். தலைவனைக் குதிகாலில் கயிறு கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், ஆனால் கொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விட்டது தப்பு என்பது சில வருடங்களில் தெரிகிறது. ஒரு முழு கேம்பெயினின் எலும்புக்கூடு இது.

அடுத்து க்ரெட்டிர் சாகா. ஐஸ்லாந்திலேயே பலசாலி, பத்தொன்பது வருடம் ஊர்விலக்கில் அலைந்தவன். இருபது வருடம் தாண்டியிருந்தால் விடுதலை. க்ளாம் என்ற நடைப்பிணத்தைக் கொன்றபோது அது இட்ட சாபத்தால் இருட்டைக் கண்டால் நடுங்குகிறான். தனியே ஒளிந்து வாழ வேண்டியவனுக்குத் தனிமை ஆகாது! கடைசியில் ட்ராங்கே தீவில், விறகு வெட்டும்போது கோடாரி நழுவித் தன் காலிலேயே பட்டு, புண் அழுகி, எழுந்து நிற்க முடியாத நிலையில்தான் எதிரிகள் அவனைக் கொல்கிறார்கள். கட்டைக்குச் சூனியம் வைத்தவள் ஒரு கிழவி. உங்கள் பிளேயர்களில் ஒருவர் ‘என் ஆள் வலிமை பதினெட்டு’ என்று சொல்லும்போது இது நினைவுக்கு வரட்டும்.

மூன்றாவது எய்ர்பிக்யா சாகா. பேய்க்காக. இறந்துபோன ஒரு ஹெப்ரிடீஸ் தீவுப் பெண்ணின் படுக்கைத் துணிகளை எரிக்காமல் ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிறாள் ஃப்ரோடா பண்ணை வீட்டுக்காரி. வீட்டில் சாவு மேல் சாவு. கடலில் மூழ்கிச் செத்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து தினமும் அடுப்படியில் உட்காருகிறார்கள். வீட்டார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வாசலில் நீதிமன்றம் கூட்டி, அத்துமீறி நுழைந்ததற்காகப் பேய்கள் மீது வழக்குப் போடுகிறார்கள். தீர்ப்பைக் கேட்டுப் பேய்கள் ஒவ்வொன்றாக, முனகிக்கொண்டே, வெளியேறுகின்றன.

நான்காவதாக ந்யால். அப்போது பெயர்கள் பயமுறுத்தாது. தப்பியோடும் மனிதனின் கனவுகளுக்கு கிஸ்லி சாகா, கவிஞனும் கொலைகாரனுமான ஒரு கிழவனுக்கு எகில் சாகா என்று பிறகு விருப்பப்படி தொடரலாம்.

படிக்கும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். நான்கு பத்திகள்: விலை, சட்டம், காயம், சாப்பாடு. கதைச்சுருக்கம் எழுத வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். ‘கரை ஒதுங்கிய திமிங்கலத்துக்காக ரிஃப்ஸ்கெரில் சண்டை, எலும்பாலும் கொழுப்புத் துண்டாலும் அடித்துக்கொண்டார்கள்’ என்று க்ரெட்டிர் சாகாவிலிருந்து ஒரு வரி. ‘முதல் வேலைக்காரன் 12 அவுன்ஸ்’ என்று ந்யாலிலிருந்து ஒரு வரி. இந்த நோட்டு எந்த விதிப்புத்தகத்தையும்விட உங்களுக்கு உழைக்கும்.

எட்டாக்கள் பற்றி ஒரு வார்த்தை. கவிதை எட்டாவும் ஸ்நோர்ரியின் உரைநடை எட்டாவும் ஓடின், தோர் போன்ற கடவுள்களின் கதைகளுக்கு ஆதாரமான பழைய நூல்கள். முதலாவதற்கு கரோலின் லாரிங்டன் மொழிபெயர்ப்பு வாசிக்க எளிது, இரண்டாவதற்கு ஆன்டனி ஃபாக்ஸ். கரடுமுரடான ஆட்டத்துக்குக் கடவுள் கதைகளைவிட ஹாவமால் என்ற ஒரு கவிதைதான் அதிகம் பயன்படும். வாசலில் நுழையும் முன் எதிரி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார், விருந்தாளிக்கு முதலில் நெருப்பு கொடு, அளவாகக் குடி. அடிபட்டுத் தேறிய மனிதனின் அறிவுரைகள். உங்கள் கிழட்டு என்பிசிக்கள் (ஜிஎம் பேசும் துணைப்பாத்திரங்கள்) பேசுவதற்கு வரிகள் தயார்.

மூன்றாம் படி: சட்டத்தைப் பிடியுங்கள்

இது பலருக்குச் சலிப்பாகத் தெரியும். என் மேசையில் அதிகம் பதற்றம் தந்தவை வாள் சண்டைகள் அல்ல, சபையில் நடந்த வழக்குகள்தான்.

க்ராகாஸ் என்பது ஐஸ்லாந்துக் குடியரசின் சட்டத் தொகுப்பு. ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக இருக்கிறது. முழுக்கப் படிக்கத் தேவையில்லை. கொலை, ஊர்விலக்கு, கரை ஒதுங்கியவை பற்றிய பகுதிகளைப் புரட்டினால் போதும். அதற்குப் பதில் ஒரே ஒரு புத்தகம் வேண்டுமென்றால் வில்லியம் இயன் மில்லர் 1990இல் எழுதிய ‘பிளட்டேக்கிங் அண்ட் பீஸ்மேக்கிங்’. சட்டப் பேராசிரியர் பழிவாங்கலைப் பற்றி எழுதியது. எவன் எப்போது அடிப்பான், எப்போது பணம் வாங்கிக்கொள்வான் என்பதை வட்டிக்கடைக்காரன் மாதிரி கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஜெஸ்ஸி பையாக்கின் ‘வைக்கிங் ஏஜ் ஐஸ்லாந்து’ அதைவிட எளிமையானது, பண்ணை, உணவு, தலைவர்கள் எல்லாவற்றையும் தொடும்.

ஆட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்சம் இவை. ஊர்விலக்கில் இரண்டு வகை. சிறியது மூன்று வருட நாடுகடத்தல், முடிந்ததும் திரும்பலாம். பெரியதற்குப் பெயரே ‘காட்டுக்குப் போதல்’. சொத்து பறிமுதல், யாரும் சோறு போடக்கூடாது, யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கேள்வி கிடையாது. கொலை செய்தவன் உடனே அருகிலுள்ள வீட்டில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அது வேறு வகைக் குற்றம், மன்னிக்க முடியாத இழிவு. பிளேயர்கள் பழக்கதோஷத்தில் பிணத்தைப் பாறையிடுக்கில் தள்ளிவிட்டு வருவார்கள். அவர்கள் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்பது இரண்டு செஷன் கழித்துத் தெரியட்டும்.

ஹோல்ம்கங்கா என்ற முறைப்படியான இருவர் சண்டைக்குக் கோர்மாக் சாகாவில் விதிகள் இருக்கின்றன. ஐந்து முழச் சதுரத்தில் தரையில் விரித்த துணி, ஆளுக்கு மூன்று கேடயம், மாறி மாறி வெட்டு. ரத்தம் துணியில் விழுந்தால் நிறுத்தலாம். அதிகம் காயம்பட்டவன் மூன்று மார்க் வெள்ளி கொடுத்து மீளலாம். ஒரு மார்க் என்பது எட்டு அவுன்ஸ், ஏறத்தாழ 215 கிராம். பாருங்கள், விளையாட்டு விதி ஏற்கனவே எழுதியே இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதை அப்படியே மேசையில் ஆடிப் பாருங்கள்.

நான்காம் படி: மண்ணுக்கடியிலிருந்து எண்கள்

சாகாக்கள் மிகைப்படுத்தும், எலும்பு மிகைப்படுத்தாது.

கப்பல்களுக்கு டென்மார்க்கின் ரோஸ்கில்டே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தின் இணையதளம். 1962இல் ஸ்குல்டெலெவ் அருகே கடலடியிலிருந்து எடுத்த ஐந்து கப்பல்கள் அங்கே இருக்கின்றன. போர்க்கப்பல் ஸ்குல்டெலெவ் 2 சுமார் 30 மீட்டர் நீளம், 60 துடுப்பு, 1042இல் டப்ளின் பக்கம் கட்டியது. சரக்குக் கப்பல் ஸ்குல்டெலெவ் 1 சுமார் 16 மீட்டர்தான், ஆறேழு பேர் ஓட்டிவிடுவார்கள், இருபது டன்னுக்கு மேல் ஏற்றலாம். உங்கள் பிளேயர்கள் நாலு பேர் என்றால் அவர்களுக்கு எந்தக் கப்பல் என்பது இதிலேயே தெரிந்துவிடும். அறுபது துடுப்புக்காரர்களுக்குச் சோறு போட அவர்களால் ஆகாது.

நகர வாழ்க்கைக்கு யார்க் நகரின் ஜார்விக் மையம். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டியதில் வீடுகள், செருப்புகள், சீப்புகள், கக்கூஸ் குழிகள் எல்லாம் கிடைத்தன. அதே ஊரில் 1972இல், ஒரு வங்கிக் கட்டடம் எழவிருந்த இடத்தில், கல்லாகிப்போன ஒரு மனித மலம் கிடைத்தது. சுமார் 20 சென்டிமீட்டர். உள்ளே நூற்றுக்கணக்கான குடற்புழு முட்டைகள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கரடுமுரடு பற்றிய விவாதத்தை ஒரு படத்தில் முடிக்க வேண்டுமானால் இதைக் காட்டுங்கள்.

காயங்களுக்கு: நார்வேயின் கோக்ஸ்டாட் கப்பலில் புதைக்கப்பட்ட மனிதனின் கால் எலும்புகளில் வெட்டுகள். கேடயம் உடம்பை மறைக்கிறது, கால் வெளியே இருக்கிறது, அங்கேதான் வெட்டு விழும். அடி விழும் இடத்தைப் பகடையில் முடிவுசெய்யும் விதி உங்களிடம் இருந்தால், கேடயம் பிடித்தவனுக்குக் காலின் வாய்ப்பைக் கூட்டுங்கள். 2009இல் இங்கிலாந்தின் டோர்செட்டில், ரிட்ஜ்வே ஹில்லில், தலை வெட்டப்பட்ட சுமார் ஐம்பது ஸ்காண்டிநேவிய ஆண்களின் குழி கிடைத்தது. கொள்ளைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்புவதில்லை.

மருத்துவத்துக்கு எனக்குப் பிடித்த தகவல் ஹெய்ம்ஸ்க்ரிங்லாவில் இருக்கிறது. நார்வேயில் 1030இல் நடந்த ஸ்டிக்லெஸ்டாட் போருக்குப் பின் காயம்பட்டவர்களுக்கு ஒரு மருத்துவச்சி வெங்காயத்தாள் போன்ற லீக்கும் பச்சிலைகளும் போட்ட கஞ்சி கொடுக்கிறாள். சற்று நேரம் கழித்துக் காயத்தை மோந்து பார்க்கிறாள். லீக் வாசனை வந்தால் குடல் கிழிந்திருக்கிறது, ஆள் பிழைக்க மாட்டான். கவிஞன் தோர்மோட் அந்தக் கஞ்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெஞ்சில் தைத்த அம்பு முனையைக் குறட்டால் தானே பிடுங்குகிறான். முனையில் கொழுப்பு ஒட்டியிருக்கிறது. அரசர் எங்களுக்கு நன்றாகத்தான் சோறு போட்டிருக்கிறார் என்று கிண்டலடித்துவிட்டுச் சாகிறான். என் ஆட்டத்தில் வயிற்றுக் காயத்துக்கு ரகசியமாக ஒரு பகடை உருட்டி வைத்துக்கொள்வேன். கஞ்சி குடித்தால்தான் முடிவு தெரியும். குடிக்க மறுக்கும் உரிமை பிளேயருக்கு உண்டு.

பொதுவான ஒரே வரலாற்றுப் புத்தகம் என்றால் தொல்லியலாளர் நீல் பிரைஸ் எழுதிய ‘சில்ட்ரன் ஆஃப் ஆஷ் அண்ட் எல்ம்’, 2020. அடிமை வணிகத்தையும் சவ அடக்கச் சடங்குகளையும் பூசி மெழுகாமல் சொல்கிறது.

ஐந்தாம் படி: இப்போது விதிப்புத்தகம்

நோட்டு நிரம்பியபின் விதி தேடினால், எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.

கேயாசியம் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘மிதிக் ஐஸ்லாந்து’, பெட்ரோ ஜிவியானி எழுதியது, என் முதல் சிபாரிசு. நூறுமுகப் பகடை விதி, ஒரே வெட்டில் ஆள் காலி ஆகலாம், ஆல்திங் வழக்குகளுக்கும் தனி முறை இருக்கிறது. அதே ஆள் அதே நிறுவனத்துக்கு எழுதிய ‘ஏஜ் ஆஃப் வைக்கிங்ஸ்’ அதன் வாரிசு.

சண்டையைவிடக் குடும்பம், மானம், குழந்தை, பண்ணை என்று போக வேண்டுமென்றால் க்ரெகோர் வூகாவின் ‘சாகாஸ் ஆஃப் தி ஐஸ்லாண்டர்ஸ்’ என்ற ஆட்டம் (மேலே சொன்ன கதைத் தொகுதி வேறு). ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று வைத்திருக்கிறது. அந்தச் சமூகத்தின் இறுக்கத்தை மேசையில் உணர வைப்பதற்காக. சிலருக்கு இது ஒத்துவராது, முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கையில் காசில்லையா, அல்லது ஆள் கிடைக்கவில்லையா? ஷான் டாம்கின் எழுதிய ‘அயர்ன்ஸ்வோர்ன்’ பிடிஎஃப் இலவசம். தனியாகவே ஆடலாம், ஜிஎம் தேவையில்லை. அதன் உலகம் நேரடியான ஸ்காண்டிநேவியா அல்ல, ஆனால் சத்தியம் செய்துவிட்டு அதைக் காப்பாற்ற அல்லாடுவதுதான் முழு ஆட்டமும். சாகாவின் இதயம் அதுதானே.

விதிக்காக இல்லாமல் தகவலுக்காக வாங்க வேண்டியவை இரண்டு. ‘கர்ப்ஸ் வைக்கிங்ஸ்’, கிரேம் டேவிஸ், 1991: கர்ப்ஸ் என்ற ஆர்பிஜியை ஆடாதவர்களும் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று கெவின் க்ராஃபோர்டின் ‘வுல்வ்ஸ் ஆஃப் காட்’. வைக்கிங்குகள் வருவதற்கு முன், 710ஆம் ஆண்டு ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்து. ஒரு துறவி எழுதியதைப் போன்ற குரலில் எழுதப்பட்டது. மானம், உறவு, உயிரீடு (கொலைக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகை) எல்லாவற்றையும் அட்டவணைகளாக்கித் தருகிறது, அவற்றை எந்த விதிக்கும் கடன் வாங்கலாம்.

குழு டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறதா? சரி. 2014 டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் ‘கிரிட்டி ரியலிசம்’ என்ற ஓய்வு விதி இருக்கிறது. குறுகிய ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். அதை மட்டும் இயக்கி, உயிர்ப்பிக்கும் மந்திரங்களை நீக்கினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

அச்சுப் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தொடும். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் பிடிஎஃப் வாங்குங்கள். அவசரமில்லை என்றால் பண்டில் ஆஃப் ஹோல்டிங் தளத்தில் கட்டுக்கட்டாக மலிவு விலையில் வரும்போது காத்திருந்து பிடியுங்கள்.

ஆறாம் படி: வரைபடமும் பெயரும்

ஐஸ்லாந்திக் சாகா மேப் என்ற இணைய வரைபடம் சாகாவில் வரும் ஒவ்வோர் ஊரையும் நிஜ வரைபடத்தில் குத்தி வைத்திருக்கிறது. பொட்டைத் தொட்டால் அந்த இடம் வரும் பத்தி திறக்கும். ஒரு பள்ளத்தாக்கைப் பெரிதாக்கி, அதில் பத்துப் பண்ணை குறித்துக்கொண்டால் ஆறு மாத ஆட்டத்துக்குப் போதும். ஐஸ்லாந்து தமிழ்நாட்டைவிடச் சிறியது, ஆனால் கிழக்குக் கோடியிலிருந்து ஆல்திங்குக்குக் குதிரையில் வர 17 நாள் ஆனது என்பார்கள். நடுவில் பனியாறும் எரிமலை மணலும்.

பெயர்களுக்கு லாண்ட்நாமபோக் என்ற குடியேற்றப் பதிவேடு ஒரு புதையல். அப்பா பெயரோடு சோன் அல்லது டோட்டிர் சேர்த்தால் முழுப்பெயர், அது எல்லோருக்கும் தெரியும். ருசி பட்டப்பெயரில்தான். சப்பைமூக்கு கெட்டில். குசு எய்ஸ்டெய்ன், மூலத்தில் இன்னும் மோசம். புதுநாட்டில் புல்லுக்குப் புல் வெண்ணெய் சொட்டுகிறது என்று புளுகிய தோரோல்ஃபுக்குக் கடைசிவரை பெயர் வெண்ணெய் தோரோல்ஃப். பட்டப்பெயரைப் பிளேயர் தானே வைத்துக்கொள்ள விடாதீர்கள். முதல் செஷனில் அவர் செய்த முட்டாள்தனத்துக்கு மற்றவர்கள் வைக்கட்டும்.

ஏழாம் படி: குப்பையைச் சலிப்பது

வைக்கிங் என்று தேடினால் வருவதில் பாதி பொய். கொம்பு வைத்த தலைக்கவசம் 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்காக உடை வடிவமைப்பாளர் டோப்ளர் போட்டது. டீ ஷர்ட்டுகளில் இருக்கும் எட்டுக்கை திசைகாட்டிச் சின்னமான வெக்விசிர் 1860 வாக்கில் தொகுத்த ஒரு ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தது. வைக்கிங் காலத்தில் புழங்கிய ரூன் எழுத்துகள் 16தான். 24 எழுத்து வரிசை அதற்கும் பழையது. நடுவில் எழுத்தில்லாத வெற்று ரூன் ஒன்றைச் சொல்லிக் குறி சொல்லும் தளம் என்றால், அது 1980களின் கண்டுபிடிப்பு. மூடிவிட்டு வாருங்கள். முதுகெலும்பைப் பிளந்து நுரையீரலை இறக்கையாக விரிக்கும் ‘ரத்தக் கழுகு’ தண்டனை உண்மையில் நடந்ததா, கவிதை வரியைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதா என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. ஆட்டத்தில் அதை வதந்தியாக வைத்துக்கொள்வது நல்லது. யாரும் பார்த்ததில்லை, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வகைக் குப்பை ஆபத்தானது. நாஜிகள் ரூன்களை எடுத்துக்கொண்டதிலிருந்து இன்றுவரை இனவெறிக் கூட்டங்கள் இந்தச் சின்னங்களின் பின்னால் ஒளிகின்றன. ஒரு தளம் ‘தூய ரத்தம்’, ‘மூதாதையர் மதம்’ என்று பேச ஆரம்பித்தால் அதன் வரலாறும் நம்பத்தக்கதாக இருக்காது. அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், பழைய நூல்களின் மூலம், இந்த மூன்றோடு நின்றுகொண்டால் தப்பிக்கலாம். சண்டை முறைகளுக்கு மட்டும் ஹர்ஸ்ட்விக் என்ற அமெரிக்கக் குழுவின் தளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேடயத்தையும் கோடாரியையும் செய்து, ஆடிப் பார்த்து எழுதுகிறார்கள்.

எட்டாம் படி: மேசைக்குக் கொண்டுவருவது

ஆரம்பிக்கும் முன் பிளேயர்களோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். இந்த உலகத்தில் அடிமைகள் உண்டு, சிசுவை வெளியில் விடுவது உண்டு, பெண்களைக் கொள்ளையாக எடுத்துப்போவது உண்டு. எது மேசைக்கே வரக்கூடாது, எது திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை நான் குறைத்ததே இல்லை, ஆட்டமும் சாதுவாகிவிடவில்லை.

பிறகு நோட்டிலிருந்து ஒரு பருவகால அட்டவணை. வருடத்துக்கு நாலு செஷன் என்று வைத்தேன்: ஆடு குட்டி போடும் வசந்தம், ஆல்திங் கூடும் கோடை, வைக்கோலும் ஆட்டை அறுப்பதுமாக இலையுதிர்காலம், அப்புறம் குளிர். இலையுதிர்காலத்தில் எத்தனை மாட்டை உயிரோடு வைப்பது என்று பிளேயர்களே முடிவெடுக்க வேண்டும். அதிகம் வைத்தால் வைக்கோல் தீரும், குறைவாக வைத்தால் வசந்தத்தில் பால் இருக்காது. தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பதிவு ஒன்று இருக்கிறது. 976 பஞ்சத்தில் மக்கள் காக்கையையும் நரியையும் தின்றார்கள், வயதானவர்களையும் பிறரை அண்டி வாழ்ந்தவர்களையும் பாறையிலிருந்து தள்ளினார்கள் என்கிறது. இதைச் சத்தமில்லாமல் ஒரு கிழவி என்பிசி வாயால் முதல் செஷனிலேயே சொல்ல வையுங்கள். வேறு மிரட்டல் தேவைப்படாது.

முதல் செஷனுக்கு என்ன செய்வது என்று தடுமாறினால், நான் எப்போதும் தொடங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம். வைக்கோல் முடியப்போகிறது. இரண்டு பண்ணைகளின் எல்லைக் கல்லுக்கு நேர் கீழே கடற்கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது, வால் இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். பிளேயர்கள் கத்தியோடு இறங்கும்போது அடுத்த பண்ணைக்காரர்கள் ஏற்கனவே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பிளேயர் ஒருவரின் மைத்துனன்.